எந்த வேண்டாம்?

மர்ஷூதாவின் ஆங்கிலம் குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. ஒன்பது வருடம் அங்கே இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். வேலைக்கு வந்தவரோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். "டோன்ட் டச்", "டோன்ட் கோ", "யூ மஸ்ட் நொட் ஓபன்" என்று அவர்கள் சொன்னதையெல்லாம் மர்ஷூதா தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். வகுப்புக்கு வந்த முதல் நாள் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி வசனங்கள் எதிர்மறையில் இருந்தன.

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு இல்ல," என்றார். "தெரியும். ஆனா எல்லாம் ஏசுற இங்கிலீஷ்."

நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவள். பெயர் ஃபஹ்மியா. சனிக்கிழமை பின்னேரங்களில் ஏத்தாளையில் மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு வகுப்பு நடத்துகிறேன். கடற்கரை விடுதிகளில் அறை துடைப்பவர்கள், துணி தோய்ப்பவர்கள், சமைப்பவர்கள் என்று பதினொரு பெண்கள் வருகிறார்கள். டிசம்பரில் ஒரு பரீட்சை உண்டு. பாஸ் பண்ணினால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இருந்தால் முன்மேசையில் நின்று வருகிறவர்களை வரவேற்கிற வேலைக்குக் கேட்கலாம்.

பதினொரு பேரிலும் மூத்தவர் மர்ஷூதா. நாற்பத்தேழு வயது. என்னைவிடப் பதின்மூன்று வயது கூட. வகுப்பில் அவர் எனக்கு மாணவி, வகுப்பு முடிந்து வெளியே வந்தால் நான் அவருக்குத் தங்கச்சி மாதிரி, அவர் எனக்கு ராத்தா. பள்ளிவாசல்துறையில் என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவர் வீடு. ஒரே மகள் அகீலாவைக் கனமூலையில் கட்டிக்கொடுத்துவிட்டார். கணவர் நூஹு கடலுக்குப் போகிறவர். எங்கள் பக்கம் சோளகக் காற்றுப் பிடித்து அலை எழும்பினால், வள்ளத்தையும் வலையையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்விடுவார். வாடைக் காற்றுக்கு முன் திரும்பி வருவார். அந்த நாலைந்து மாதம் மர்ஷூதா வீட்டில் தனி.

நூஹுவை விரட்டுகிற அதே காற்றுதான் வெள்ளைக்காரர்களைக் கூட்டிவருகிறது. பட்டத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கடலோரக் களப்பின் மேல் பலகையில் ஓடுவதற்காக மே மாதமே வந்து இறங்கிவிடுவார்கள். அவர்கள் தங்குகிற ஒரு விடுதியில்தான் மர்ஷூதாவுக்கு வேலை. ஆலங்குடாவில், கடலைப் பார்த்த ஆறு அறைகள். முதலாளி தர்சனா. முப்பத்தாறு வயது இருக்கும். அவருடைய அப்பா குலசேகரம் சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து புத்தளத்தில் தங்கியவர். பிறகு ஆலங்குடாவில் ஒரு தென்னங்காணி வாங்கினார். அவர் காலமான பின் மகள் அதில் அறைகளைக் கட்டினார். தர்சனா சின்னதிலேயே கொழும்புக்குப் படிக்கப் போய்விட்டார். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். தமிழ் நன்றாகக் கதைப்பார், யாழ்ப்பாணக் கதை. ஆனால் போனில் ஏதாவது எழுதி அனுப்புவதென்றால் ஆங்கிலம்தான்.

மர்ஷூதா அங்கே அறை துடைக்கத்தான் சேர்ந்தார். மூன்று வருடத்தில் காலைச் சாப்பாடும் அவர் கைக்கு வந்துவிட்டது. தேங்காய் ரொட்டி சுட்டு, பக்கத்தில் சம்பலும் மீன் குழம்பும் வைப்பார். உறைப்புத் தாங்காதவர்களுக்கு வாழைப்பழமும் வெல்லப் பாணியும். யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன வருடம் ஜூலை நடுவில் ஒல்லாந்துக்காரர் ஒருவர் மகனோடு வந்து மேல்மாடி அறையில் தங்கினார். மகன் பட்டம் விட வந்தவர். தகப்பனுக்கு எழுபது தாண்டியிருந்தது, வலது முழங்கால் வீங்கியிருந்தது. காலையில் சாப்பிட இறங்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வருவார். நாலு நாள் இதைப் பார்த்த மர்ஷூதா, இனி இவரை இறக்கக்கூடாது, சாப்பாட்டை நாமே மேலே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று முடிவெடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் மேலே போய், துவாயை மாற்றிக்கொண்டே சிரித்த முகத்தோடு சொன்னார்:

"சார், டுமோரோ யூ மஸ்ட் நொட் கம் டௌன்."

நீங்கள் கஷ்டப்பட்டு இறங்கத் தேவையில்லை என்றுதான் அவர் சொல்ல நினைத்தது. 'நான் கொண்டுவருகிறேன்' என்ற அடுத்த வசனமும் வாயில் தயாராக இருந்தது. அதற்குள் கீழே யாரோ கூப்பிட, இறங்கிப் போய்விட்டார்.

ஒல்லாந்துக்காரரின் காதில் விழுந்ததோ, 'நாளைக்கு நீ கீழே வரக்கூடாது' என்பது. அதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு இருமல் வந்து நிற்காமல் போயிருந்தது. பக்கத்தில் இருந்த இளம் சோடி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனதை அவர் கண்டிருக்கிறார். அந்தச் சோடி முறையிட்டதால்தான் நம்மை மறிக்கிறார்கள் என்று மனிதர் நினைத்துவிட்டார். மறுநாள் காலை மகன் விடியவே களப்புக்குப் போய்விட்டார். சமையலறையில் காஸ் தீர்ந்துபோய், புதுச் சிலிண்டர் வந்து சேர ஒன்பதரை ஆனது. பத்து மணிக்கு மர்ஷூதா தட்டோடு மேலே போனபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. "நோ, தேங்க் யூ" என்று மட்டும் குரல் வந்தது. மகன் பகல் திரும்பும்வரை அந்த மனிதர் ஒன்றும் சாப்பிடவில்லை.

மகனுக்குக் கோபம். நேராகத் தர்சனாவுக்குப் போன் எடுத்து, என் அப்பா மற்றவர்களோடு இருந்து சாப்பிடக்கூடாதா என்று கேட்டார். தர்சனா அப்போது கொழும்பில். அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன், ஆஸ்பத்திரியில் நின்றார். மர்ஷூதாவைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். மர்ஷூதா சொல்லத் தொடங்கி, குரல் உடைந்து, பாதியில் நிறுத்திவிட்டார். "சரி அக்கா, நான் பாக்கிறன்" என்று தர்சனா வைத்துவிட்டார்.

அஸர் தொழுகை முடிந்த நேரம் மர்ஷூதா என் வீட்டுக்கு வந்தார். கையில் போன். நான் விறாந்தையில் கதிரை போட்டு, பத்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பது தாள், திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். தலையை நிமிர்த்தாமலே என்னவென்று கேட்டேன்.

"மிஸ் ஒரு மெசேஜ் போட்டிருக்காங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க டீச்சர்."

வாங்கிப் பார்த்தேன். இரண்டு வசனம். 'யூ நீட் நொட் கம் டுமோரோ. ஐ வில் ஸ்பீக் டு தெம் மைசெல்ஃப்.'

"நாளைக்கு வர வேண்டாமாம்," என்றேன். "அவங்களே அவங்களோட கதைக்கிறாங்களாம்."

"அப்ப எப்ப வரட்டாம்?"

மறுபடி பார்த்தேன். "அது ஒண்டும் போடல்ல ராத்தா."

போனை வாங்கிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டேன். இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார். நான் அடுத்த தாளை எடுத்தேன்.

பிறகு நடந்ததை அவர் வாயாலேயே பின்னாளில் கேட்டேன். வீட்டுக்குப் போனதும் விடுதியில் கொடுத்த நீல மேற்சட்டை இரண்டையும் தோய்த்துப் போட்டிருக்கிறார். காய்ந்ததும் மினுக்கி, மடித்து, திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு பையில் வைத்திருக்கிறார். ஆனால் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை போகவில்லை. சனி போகவில்லை. முல்லைத்தீவிலிருந்து நூஹு எடுத்தபோது, காற்றுக் கடுமை, ஆட்கள் குறைவு, லீவு என்று சொல்லியிருக்கிறார். அவரும் நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தர்சனாவிடமிருந்து அழைப்பு வந்தது. மேசையில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்வதை மர்ஷூதா பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

"பயம் டீச்சர். வேலையால நிப்பாட்டினது சரி. அந்தக் கிழவன் பட்டினி கிடந்தத அவங்க வாயால இன்னொருக்காக் கேக்க எனக்கு ஏலாது. அதான் எடுக்கல்ல."

பிறகும் அழைப்புகள் வந்தன. மெசேஜ் வந்தது. எதையும் அவர் திறந்து பார்க்கவில்லை. இரண்டாம் கிழமை மாம்புரியில் அஸ்மியின் தோட்டத்துக்குப் பீட்ரூட் பிடுங்கப் போகத் தொடங்கினார், நாட்கூலிக்கு. காலை ஏழிலிருந்து குனிந்தபடி மணலில் நிற்கும் வேலை. கடற்கரைப் பக்கம் மின்சாரக் காற்றாடிகள் சுழலும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். மத்தியானம் மற்றப் பெண்கள் தென்னையின் கீழ் கதைத்துக்கொண்டு சாப்பிட, இவர் கொஞ்சம் தள்ளி இருந்து சாப்பிட்டிருக்கிறார். விடுதியில் வேலைக்கு இருந்தவர் இங்கே வந்துவிட்டாரே என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற கூச்சம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. தாள் திருத்துகிற கிழமை நான் வகுப்பு வைக்கவில்லை. அதற்கடுத்த சனி மர்ஷூதாவைக் காணவில்லை. சுல்பாதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் வேறொரு விடுதியில் துணி தோய்ப்பவள், இருபத்திரண்டு வயது, எல்லார் கதையும் அவளுக்கு முதலில் வந்துவிடும்.

"மர்ஷூதா ராத்தாவ வேலையால நிப்பாட்டிட்டாங்களாம் டீச்சர். மெசேஜ்லயே அனுப்பிட்டாங்களாம். நேர்ல ஒரு சொல்லும் சொல்லல்லயாம்."

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் என் விறாந்தையும் அந்த இரண்டு வசனமும் எனக்கு ஞாபகம் வரவேயில்லை. நூற்று நாற்பது தாளுக்குள் அது எங்கேயோ போய்விட்டது. நான் தர்சனாவின் மேல் கோபப்பட்டேன். மூன்று வருடம் உழைத்த ஒருவரை இப்படியா அனுப்புவது, கொழும்பில் படித்தவர்களின் தன்மை இதுதான் என்று பத்துப் பெண்களுக்கு முன்னால் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதற்கடுத்த சனி மர்ஷூதா வந்தார். படிக்க வரவில்லை. நான் படிக்கக் கொடுத்திருந்த புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர். விரல் நுனிகள் பீட்ரூட் சாயத்தில் சிவந்திருந்தன. இனி வகுப்பு எனக்கெதற்கு என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

"வந்ததுக்கு இண்டைக்கு மட்டும் இருந்துட்டுப் போங்க," என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். கடைசிக் கதிரையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அன்றைக்குரிய பாடம் நீட், டெயார் என்ற இரண்டு வினைச்சொற்கள். வேறு காரணம் இல்லை, பாடத்திட்டத்தில் அன்று அதுதான் இருந்தது. பலகையில் முதலில் 'ஷி நீட்ஸ் டு கம்' என்று எழுதினேன். அவள் வரவேண்டும், வருவது அவசியம். அதற்குக் கீழே 'ஷி நீட் நொட் கம்' என்று எழுதினேன்.

"வித்தியாசம் என்ன?" என்று கேட்டேன்.

"டூவக் காணல்ல," என்றாள் சுல்பா. "ஸ்ஸையும் காணல்ல."

"சரி. நொட் வந்து நீட்டுக்குப் பக்கத்தில நிண்டா டூ போயிடும். வால்ல இருக்கிற ஸ்ஸும் போயிடும். வெறும் கம் மட்டும்தான் நிக்கும். நீட் நொட் டு கம் எண்டு எழுதினா பரீட்சைல வெட்டுவாங்க. டெயாரும் இதே மாதிரித்தான். ஷி டெயார் நொட் ஆஸ்க். கேக்கிறதுக்கு அவளுக்குத் துணிவு இல்ல."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது வசனத்தைத் தமிழில் சொல்லும்படி கேட்டேன்.

"அவள் வர வேண்டாம்," என்றாள் சுல்பா உடனே.

சரி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் பிழைவிடுகிற இடம் இது. பலகையில் இன்னொரு வசனம் எழுதினேன்: 'ஷி மஸ்ட் நொட் கம்.'

"அப்ப இது?"

"அதுவும் வர வேண்டாம்தான்."

"ரெண்டும் ஒண்டா?"

சுல்பா பலகையை இன்னொரு தரம் வாசித்தாள்.

"டொக்டர் ஒராள்ட்ட, 'இனி இந்த மருந்தக் குடிக்க வேண்டாம்' எண்டு சொல்றார் எண்டு வைங்க," என்றேன். "குடிச்சா ஆபத்து எண்டு சொல்றாரா? இல்ல, சுகமாயிட்டு, குடிக்கத் தேவையில்ல எண்டு சொல்றாரா?"

"எண்ட மாமிக்கு அப்புடித்தான் சொன்னாங்க," என்றாள் சுல்பா. "அவ பயந்து போய் மருந்த ஜன்னலால எறிஞ்சிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அதுதான் கதை. தமிழ்ல மறிக்கிறதுக்கும் வேண்டாம், விட்டுக்குடுக்கிறதுக்கும் வேண்டாம். குரல வெச்சு, மூஞ்ச வெச்சு நாங்க விளங்கிக்கொள்றோம். இங்கிலீஷ்ல ரெண்டும் வேற வேற. மஸ்ட் நொட் எண்டா மறிக்கிறது. வரக்கூடாது. நீட் நொட் எண்டா விடுறது. வராட்டியும் பரவாயில்ல, நீங்க ஆறுதலா இருங்க எண்டு சொல்றது."

பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மர்ஷூதா எழும்பி நின்றார். மடியில் இருந்த புத்தகம் கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடிக்கொண்டே கதிரைகளுக்கிடையால் முன்னுக்கு வந்தார். போனை என் மேசையில் வைத்தார்.

"டீச்சர், இதுல எந்த வேண்டாம்?"

அந்த இரண்டு வசனத்தையும் பார்த்தவுடனே எனக்கு என் விறாந்தை ஞாபகம் வந்தது. நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னதும், அவர் எப்ப வரட்டாம் என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. பலகையில் என் கையெழுத்தில் இருந்த வசனமும் போனில் இருந்த வசனமும் ஒன்றுதான்.

"விடுற வேண்டாம்," என்றேன். "மறிக்கிறது இல்ல ராத்தா. அவங்க உங்களுக்கு ஒரு நாள் லீவு தந்திருக்காங்க. வெள்ளைக்காரங்களோட தான் கதைச்சுக்கொள்றேன், நீங்க கரைச்சல்பட வேணாம் எண்டு சொல்லியிருக்காங்க. நான்தான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிட்டேன்."

மர்ஷூதா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர் பிழையாச் சொல்லல்ல," என்றார். "வேண்டாம் எண்டுதான் சொன்னீங்க. எந்த வேண்டாம் எண்டு நானும் கேக்கல்லயே." பிறகு பலகையைப் பார்த்தபடி, "இப்புடி ஒரு சொல் இருக்கிறது எனக்குத் தெரியாது. குவைத்துல அந்த வீட்டுல ஒன்பது வருஷம் இருந்தேன். ஒருக்காவது ஆரும் எனக்கு இதச் சொல்லல்ல," என்றார்.

அதற்குப் பின் நான் பாடம் நடத்தவில்லை. திறக்காமல் கிடந்த மெசேஜ்களை மேசையிலேயே இருந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். மர்ஷூதா வாசித்தார், தட்டுப்பட்ட இடத்தில் நான் சொன்னேன். முதலாவதில், ஒல்லாந்துக்காரருக்கு விஷயத்தை விளங்கப்படுத்தியாயிற்று, அவர் கேட்டுச் சிரித்தார், ரொட்டி சுடுகிறவர் எங்கே என்று கேட்கிறார் என்று இருந்தது. இரண்டாவதில், உங்களுக்குச் சுகமில்லையா என்று இருந்தது. மூன்றாவது நாலு நாள் கழித்து வந்தது. என்னில் கோபமென்றால் தயவுசெய்து சொல்லுங்கள், அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் நின்றபடியால் அவசரமாக வைத்துவிட்டேன் என்று இருந்தது. கடைசி மெசேஜில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

ஒல்லாந்துக்காரரும் மகனும் அதற்குள் ஊருக்குப் போயிருந்தார்கள்.

நான் தர்சனாவுக்கு அங்கேயே போன் எடுக்கிறேன் என்றேன். மர்ஷூதா விடவில்லை. "போன்ல வேணாம் டீச்சர். மூஞ்சயப் பார்க்காமக் கதைச்சுத்தான் இவ்வளவும் நடந்திச்சி. நாளைக்கு நேர்ல போறேன்." நானும் வருகிறேன் என்றேன். மறுநாள் காலை பஸ் நிற்குமிடத்தில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் அந்த நீலச் சட்டைப் பை.

தலவில தேவாலயப் பெருநாள் கிழமை அது. பஸ்ஸெல்லாம் பாயும் சட்டியும் பிள்ளைகளுமாகச் சனம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டுதான் ஆலங்குடாவுக்குப் போனோம். விடுதி முற்றத்தில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டதும் மர்ஷூதாவின் நடை தளர்ந்தது. "ஆள் போட்டுட்டாங்க," என்றார் மெதுவாக. நின்றார். திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

தர்சனா உள்ளே மேசையில் இருந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னால்தான் மனக்குறை.

"அக்கா, எங்கை போனீங்கள்? நான் எத்தினை தரம் எடுத்தனான். ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே. வேறை இடத்திலை சேர்ந்திட்டீங்களெண்டு நினைச்சன்."

மர்ஷூதா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் தொடங்கினேன். மெசேஜை என்னிடம் கொண்டுவந்தது, நான் அவசரத்தில் சொன்னது, வகுப்பில் தெரியவந்தது எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றி வகுப்பில் நான் கதைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

தர்சனா கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தரம் கதிரையில் இருந்துவிட்டார்.

"பதினேழு நாள்," என்றார். "அக்கா பதினேழு நாள் அப்பிடி நினைச்சுக்கொண்டா இருந்தனீங்கள்?"

"ஓம் மிஸ்."

"நீங்கள் பதினொரு நாளா லீவில்லாமல் நிண்டனீங்கள். குரலும் ஒரு மாதிரி இருந்தது. ஒரு நாள் ஆறட்டும் எண்டுதான் போட்டனான்." கணினியை மூடினார். "எனக்குத் தமிழ் எழுத வராது அக்கா. வாசிப்பன், எழுத்துக்கூட்டி. எழுதினால் பிழை வரும், ஆக்கள் சிரிப்பினம் எண்டு வெக்கம். அதாலைதான் எல்லாருக்கும் இங்கிலீஷிலை போடுறது."

மர்ஷூதா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கும் எழுத்தில் வெட்கம் இருக்கும் என்பது அவர் நினைத்திராத ஒன்று.

"அப்ப கதைச்சு அனுப்புங்க மிஸ்," என்றார். "குரல் மெசேஜ் எனக்கு விளங்கும். குரல்ல கோவமா இல்லயா எண்டும் தெரியும்."

தர்சனா சிரித்தார். கண் கலங்கியிருந்தது. முற்றத்தில் நிற்கிற இரண்டு பேரும் பெருநாள் கிழமைக்கு மட்டும் வந்தவர்கள், நீங்கள் நாளைக்கே வாருங்கள் என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் மர்ஷூதா உடனே தலையாட்டவில்லை.

"நாளைக்கு ஏலா மிஸ். அஸ்மிட தோட்டத்தில புதன் வரைக்கும் வாறேன் எண்டு சொல்லியிருக்கேன். அங்க ஆள் காணாது. பாதியில உட்டா பீட்ரூட் முத்திரும். வியாழக்கிழமை வாறேன்."

"சரி அக்கா. வியாழக்கிழமை."

பையை மேசையில் வைக்கப்போனவர் மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் அழுதார். சத்தமில்லாமல், ரோட்டைப் பார்த்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தலவிலப் பக்கம் போகிற சனம் பார்த்துக்கொண்டே போனது. நான் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், தர்சனாவைப் பற்றி நான் சொன்னது பிழை என்று பத்துப் பேருக்கும் முன்னால் சொன்னேன். சுல்பா மட்டும், "அப்ப நான் சொன்னதும் பிழைதானே டீச்சர்" என்றாள்.

ஒக்டோபரில் நூஹு திரும்பி வந்தார். பஸ்ஸில் யாரோ சொல்லி விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. லீவென்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாராம். கடலில் நிற்கிற மனிதனுக்கு இதையும் ஏன் சொல்லவேண்டும் என்று நினைத்தேன் என்றாராம் மர்ஷூதா. இரண்டு நாள் அவர் சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் விடுதி வாசல்வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். ஊரில் நிற்கிற நாட்களில் இப்போதும் அப்படித்தான் விடுகிறார்.

டிசம்பர் பரீட்சையில் மர்ஷூதா வாய்மொழியில் பாஸ், எழுத்தில் பெயில். ஏழு புள்ளி குறைவு. பெறுபேறு வந்த அன்று ஆறுதல் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அங்கே இல்லை. அகீலாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதென்று செய்தி வந்து, நூஹுவும் அவரும் கனமூலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்து நானும் பிள்ளை பார்க்கப் போனேன். ஆண்பிள்ளை. கறுத்த முடி நெற்றிவரை இறங்கியிருந்தது. நாற்பது நாள் முடியும்வரை நான் இங்கேயிருந்து அசையமாட்டேன் என்றார் மர்ஷூதா. விடுதியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். போன கிழமை தர்சனா நேரிலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். பிள்ளையைத் தூக்கப் பயந்து, விரலை மட்டும் தொட்டுப் பார்த்தாராம்.

"மே மாசம் திரும்பவும் சோதின எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்கத்தான் வேணும். ஏழு புள்ளிதானே," என்றார். பிள்ளை சிணுங்கியது. தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். "இருங்க டீச்சர், சாப்பிட்டுத்தான் போகணும்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.